பெட்டிக் காவலர்

நம் ஊர் அலுவலகங்களில் பெட்டிக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லை என்கிறீர்களா? நாளைக்கு உங்கள் ஆபிஸில் சத்தமாக ஒரு பாஸ்வேர்டு கேட்டுப் பாருங்கள். யாருடைய முகம் முதலில் இறுகுகிறதோ, அவர்தான்.

பெட்டி என்றால் பணப்பெட்டி அல்ல. பிஸ்கட் டின் அளவில் கறுப்பாக ஒன்று. வயிற்றில் நாலு ஹார்ட் டிஸ்க், நெற்றியில் நாலு பச்சை விளக்கு. ஆபிஸ் கணினிகள் எல்லாம் தங்கள் கோப்புகளைக் கொண்டுபோய் அதில்தான் வைக்கின்றன. எல்லோரும் அதை சர்வர் என்பார்கள். காவலர் மட்டும், "சர்வர் இல்ல, நாஸ்" என்று திருத்துவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திருத்தினாலும் அவருக்கு அலுக்காது.

எனக்குத் தெரிந்த காவலர் தங்காக் பட்டணத்தில், ருக்னுதீன் ஹாஜியாரின் திரைச்சீலைக் கடையில் இருக்கிறார். பெயர் சுகுமாறன், அறைக் கதவில் ஒட்டிய தாளின்படி 'அட்மின் சுகுமாறன்'. பதவி எப்படி வந்தது? மூவாரிலிருந்து வந்த டெக்னீஷியன் பெட்டியை மாட்டியபோது டார்ச் லைட் பிடித்தவர் இவர். வேலை முடிந்ததும் அந்த மனிதர் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். பட்டாபிஷேகம் முடிந்தது.

அன்றிலிருந்து அந்தக் கடையில் யாருக்கும் எதுவும் லேசில் திறப்பதில்லை. மலர் என்கிற பெண், வீடு வீடாகப் போய் ஏணி ஏறி ஜன்னல்களை அளந்து வருபவர். அளவுகளைப் பெட்டியில் ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துத்தான் தையல்காரர் அங்கம்மா தைக்க வேண்டும். ஏற்றுவதற்கு மலருக்கு அனுமதி உண்டு. ஏற்றியதைத் திறந்து பார்ப்பதற்கு இல்லை.

"அண்ணே, நான் போட்ட ஃபைல என்னாலயே தொறக்க முடியல."

"அதான் செக்யூரிட்டி."

"அங்கம்மாக்காவுக்கு அளவு வேணுமேண்ணே?"

"ஃபாரம் எழுதிக் குடு. மூணு நாள்ல பார்க்கலாம்."

இது போதாதென்று, ஏற்றியவுடன் அளவுத் தாளைக் கிழித்துப் போட வேண்டும், பெண்டிரைவ் கூடாது, வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பினால் வார்னிங் லெட்டர் என்று அவரே டைப் செய்து, அவரே கையெழுத்துப் போட்டு, அவரே சுவரில் ஒட்டியிருந்தார். மலர் அதை ஒழுங்காகப் படித்தார். படித்துவிட்டு, அதன் அடியில் நின்றே ஒவ்வொரு வீட்டுத் தாளையும் படம் பிடித்து அங்கம்மாவின் போனுக்கு அனுப்பினார். தன் போனிலிருந்து உடனே அழித்தார். தையல் நிற்கக் கூடாதே.

காவலரின் காலைப் பூசையைச் சொல்லாவிட்டால் பாவம். வந்ததும் பெட்டியை மஞ்சள் துணியால் துடைப்பார். விளக்குகளை விரல் வைத்து எண்ணுவார். "நாலும் ஓகே" என்பார், முதலாளிக்குக் கேட்கிற குரலில்.

நோன்பு தொடங்கிய வாரம் பெட்டி கத்த ஆரம்பித்தது. பீப், பீப் என்று விடாத கத்தல். இரண்டாவது விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. ஒரு டிஸ்க் செத்துவிட்டது, புதிது போடுங்கள் என்று அது தன் பாஷையில் கெஞ்சிக்கொண்டிருந்தது. காவலர் என்ன செய்தார்? பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், சத்தத்தை நிறுத்தினார்.

"என்னப்பா சத்தம்?" என்றார் ஹாஜியார்.

"ஒரு டிஸ்க் போயிருச்சு முதலாளி. இந்தப் பெட்டி ஒண்ணு போனாலும் ஓடும் லா."

"மாத்த வேணாமா?"

"அதான் ஓடுதே!"

இந்த இனத்தின் மூலமந்திரம் இது. ஒன்று போனாலும் ஓடும் என்பது, போனதை மாற்றுவதற்குக் கிடைக்கிற அவகாசம். மாற்றவே வேண்டாம் என்பதற்கான உத்தரவாதமாக அதை எடுத்துக்கொண்டார் காவலர். மறுநாள் காலை, "மூணும் ஓகே" என்றார். குரலில் அதே கம்பீரம்.

பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இன்னொரு டிஸ்க்கும் போனது. பெட்டிக்குள் இருந்தது அத்தனையும் போனது. சாகில், புக்கிட் கம்பீர், மூவார் என்று சுற்று ஊர்களில் அறுபத்தெட்டு வீடுகளுக்குப் புதுத் திரைச்சீலை தைத்தாக வேண்டும். ஒரு ஜன்னலின் அளவுகூடக் கையில் இல்லை. வீட்டுக்காரர்களிடம் வாக்குக் கொடுத்தவர் மலர். மறுபடி ஏணி ஏற வேண்டியவரும் மலர்.

"பேக்கப் இருக்குல்லண்ணே?"

"இருக்கே! தெனமும் தானா எடுக்குது."

"எங்க?"

"பேக்கப்னு ஒரு ஃபோல்டர்ல."

"அந்த ஃபோல்டர் எங்கண்ணே?"

காவலர் பெட்டியைப் பார்த்தார்.

"அலமாக்" என்றார் ஹாஜியார், தலையில் கை வைத்து.

மலர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால் பெருநாள் போய்விடும்.

"முதலாளி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அளவெல்லாம் அக்காவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ஆனா பார்த்ததும் அழிச்சிருங்கன்னு சொல்லிட்டேன்."

தையல் அறையிலிருந்து அங்கம்மாவைக் கூட்டி வந்தார்கள். கீறல் விழுந்த போனை நீட்டினார் அவர்.

"அழிக்கத்தான் சொன்னுச்சு. எனக்கு அழிக்கத் தெரியாதே!"

காலை வணக்கப் பூக்களுக்கும் சாமி படங்களுக்கும் நடுவில் அறுபத்தெட்டு வீடும் பத்திரமாக இருந்தன. பெருநாளன்று எல்லா ஜன்னலிலும் திரைச்சீலை தொங்கியது.

காவலர் திருந்தினார் என்று எதிர்பார்க்கிறீர்களா? பெருநாள் முடிந்து கடை திறந்ததும் அவர் மலருக்கு வார்னிங் லெட்டர் கொடுத்தார். ஹாஜியாரிடம் 'டேட்டா மீட்பு: முழு வெற்றி' என்று இரண்டு பக்க அறிக்கை கொடுத்தார். அங்கம்மாவின் போனை வாங்கி, முதுகில் 'பேக்கப் 2' என்று ஸ்டிக்கர் ஒட்டி, பாஸ்வேர்டும் போட்டுவிட்டார்.

"தம்பி, என் மவளுக்கு ஒரு போன் பண்ணணும். கொஞ்சம் தொறந்து குடேன்."

"ஃபாரம் எழுதிக் குடுங்கக்கா."

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் காரில் ஓர் ஆரஞ்சு விளக்கு எத்தனை மாதமாக எரிகிறது? மனைவி கேட்டபோது என்ன சொன்னீர்கள்? ஓடுதே என்றுதானே? பிள்ளைகளின் படங்களுக்கு நகல் வைத்திருக்கிறீர்கள், சரி. அந்த நகலும் அதே போனில்தானே இருக்கிறது? போகட்டும், ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: அந்தப் போனின் பாஸ்வேர்டு என்ன?

பார்த்தீர்களா, முகம் இறுகிவிட்டது.