இராஜநாயகம் குடும்ப சகிதம் திரும்பி வாரார்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்து மாடிக் குடியிருப்பின் நாலாம் மாடியில் வசிப்பவரும், காப்புறுதிக் கம்பனி ஒன்றில் உதவி முகாமையாளராகக் கடமையாற்றுபவருமான திரு. இராஜநாயகம் அவர்கள் சென்ற வைகாசி மாதம் ஓர் அறிவித்தல் விடுத்தார். தானும் மனைவி அருள்நாயகியும் மகள் சாருகாவும் பத்து நாட்கள் வெளிநாட்டுக்கு உல்லாசமாகப் போய்விட்டுத் திரும்பி வரப்போவதாக அந்த அறிவித்தல் சொன்னது. லிப்டுக்குள் வைத்துத்தான் சொன்னார். எங்கள் கட்டடத்தில் லிப்டுக்குள் சொன்னது அரசாங்க வர்த்தமானியில் வந்ததற்குச் சமம்.

கேட்டவர்கள் எல்லோரும் வசனத்தின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடிக்காரர் அவருடைய கார் நிறுத்துமிடம் இனி யாருக்கு என்று விசாரித்தார். ஐந்தாம் மாடி அம்மா, பிரிஜ்ஜை ஏற்கெனவே வேறு யாருக்கும் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். அலுவலகத்தில் இவருக்குக் கீழே வேலை செய்யும் றமேஷ், இவர் தேநீர் குடிக்கப் போன நேரம் இவருடைய கதிரையின் உயரத்தைச் சரிபார்த்ததாகக் கேள்வி. "பத்து நாள்தான், வந்திடுவம்" என்று இராஜநாயகம் சொல்லச் சொல்ல, "ஓம் ஓம், அப்பிடித்தான் சொல்லவேணும்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. நாலு வருடத்தில் எங்கள் கட்டடத்திலிருந்து பதினொரு குடும்பம் "கொஞ்ச நாளைக்கு" என்று போயிருக்கிறது. ஒன்று கலியாணத்துக்கு, ஒன்று பட்டமளிப்புக்கு, ஒன்று கண் ஒப்பரேசனுக்கு. அந்தக் கலியாணம் இன்னும் முடியவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் கிளறன்ஸ். கொச்சிக்கடையில் பிறந்து, கலியாணம் செய்த வகையில் வெள்ளவத்தைக்கு வந்தவன். முப்பத்தொரு வருடம் அரசாங்கச் சுற்றறிக்கைகளைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றினேன். அவற்றை யாரும் வாசித்ததாக முறைப்பாடு ஒன்றும் கிடைக்கவில்லை. இளைப்பாறிய பிறகு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரில் ஒரு முத்திரையோடு மூன்றாம் மாடியில் இருக்கிறேன்.

இந்தப் பயணத்தின் மூலகாரணம் அருள்நாயகி. ஆடி, ஆவணி வந்தால் லண்டன், ரொறன்ரோ, சூரிச் என்று எல்லாத் திசையிலிருந்தும் சொந்தக்காரர் விடுமுறைக்கு அவர் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். ஒருவருக்கு இடியப்பம், இன்னொருவருக்குப் பிட்டு. சூரிச் மச்சாளுக்கு எண்ணெய் படக்கூடாது, மச்சாளின் பிள்ளைக்கு எண்ணெய் இல்லாமல் இறங்காது. இது பதினெட்டு வருடம் நடந்தது. விடுமுறை என்றால் என்னவென்று அருள்நாயகி சமையலறைக்குள் நின்றுதான் அறிந்திருந்தார். இந்த வருடம் அவர் ஒரேயொரு கோரிக்கை வைத்தார். பத்து நாளைக்கு யாராவது தன் முன்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைக்கவேண்டும், அதில் இருப்பதைத் தான் சமைத்திருக்கக்கூடாது.

ஆகவே சொந்தக்காரர் இல்லாத நாடு ஒன்று தேவைப்பட்டது. சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் வீட்டில் தங்கவேண்டும், தங்கினால் அருள்நாயகி மச்சாளின் கையால் ஒரு குழம்பு சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று யாராவது தொடங்குவார்கள். சாருகா உலகப்படத்தை விரித்துவைத்து நாடுநாடாக வெட்டிக்கொண்டு வந்தாள். ஐரோப்பா ஏறக்குறைய முழுவதும் முதல் நாளே முடிந்தது. ஐஸ்லாந்தில் ஒரு நம்பிக்கை இருந்தது, ஆனால் அங்கே இராஜநாயகத்தின் சித்தப்பா மகன் மீன் கம்பனியில் இருந்தார். மூன்றாம் நாள் ஒரு நாடு அகப்பட்டது. அதன் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் அங்கேயும் யாராவது போய்விடுவார்கள்.

முகவர் கிடையாது, கூட்டம் கிடையாது, கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறவர் கிடையாது, எல்லாம் தாங்களே என்று சாருகா தீர்மானித்தாள். இப்போது இதுதான் நாகரிகமாம். யூடியூப்பில் ஒரு தம்பதி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, எந்நேரமும் சிரித்தபடி அப்படித்தான் போகிறார்களாம். இதற்குப் பெயர் சுயாதீனப் பயணம். சுயாதீனம் என்ற சொல்லை நான் இதுவரை ஆணைக்குழுக்களுக்கு மட்டுமே பாவித்திருக்கிறேன், அதனால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

விசா நிலையம் பதினேழு ஆவணங்கள் கேட்டது. பதினாறு கிடைத்தன. பதினேழாவது, விண்ணப்பதாரி திரும்பி வருவார் என்று அரச அதிகாரி ஒருவர் உறுதிப்படுத்தும் கடிதம்.

இராஜநாயகம் கிராம சேவகர் ரொஷானிடம் போனார். ரொஷான் மரியாதையான மனிதர். தன்னிடமுள்ள முத்திரைகளை எல்லாம் மேசையில் பரப்பிக் காட்டினார். இவர் இங்கே வசிக்கிறார் என்பதற்கு ஒன்று, வசித்தார் என்பதற்கு ஒன்று, இறந்தார் என்பதற்கு ஒன்று. வருவார் என்பதற்கு முத்திரை இல்லை. எதிர்காலம் தன் பிரிவுக்குள் வராது, அது பிரதேச செயலகத்துக்கு உரியது என்று சிங்களத்தில் விளக்கினார். இறந்தார் என்றால் இப்போதே தரலாம் என்றும் ஆறுதலாகச் சொன்னார்.

எந்தப் பிரதேச செயலகம் என்று சொல்லமாட்டேன். அதன் சுவரில், பொதுமக்கள் தமக்கு விரும்பிய மொழியில் சேவை பெறலாம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. இராஜநாயகம் அதை வாசித்து நம்பிவிட்டார். கடிதத்தைத் தமிழில் தரும்படி கேட்டார். அலுவலகம் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தி அவரைப் பார்த்தது. தமிழ் எழுதுவினைஞர் பதவி ஆறு வருடமாக வெற்றிடம். கடைசியில், பழைய கோப்புகளை அடுக்கும் பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டார்கள். அவர் ஹட்டன் பக்கத்துப் பெண். உதவிச் செயலாளர் சிங்களத்தில் சொல்ல, அவர் தமிழில் தட்டச்சுச் செய்தார். வட்ட முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தார்கள்.

விசாவுக்கு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பதால், இராஜநாயகம் அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். முகமெல்லாம் வெற்றி. நான் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். "மேற்குறிப்பிட்ட திரு. இராஜநாயகம் குடும்ப சகிதம் பத்து நாட்களில் திரும்பி வாரார் என இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்."

"இராஜநாயகம், இது நீர் திரும்பி வரமாட்டீர் எண்டெல்லோ சொல்லுது."

"என்னண்ணை கதைக்கிறியள்? வாறார் எண்டுதானே இருக்கு."

"வாறார் இல்லை. வாரார். சின்ன ர."

விளக்கிச் சொன்னேன். இவருடைய யாழ்ப்பாணப் பேச்சில் வாறார் என்றால் வருகிறார். பாக்கியலெட்சுமியின் மலையகப் பேச்சில் அதையே வாரார் என்பார்கள். ஆனால் எழுத்துத் தமிழில் வாரார் என்றால் வரமாட்டார். கடிதம் எழுத்தில் இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. எழுதியிருப்பதை மொழிபெயர்ப்பதாகத்தான் நான் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தவன், எழுத நினைத்ததை அல்ல. இராஜநாயகம் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே மொழிபெயர்க்க விரும்பவில்லை.

மறுநாள் இருவருமாகச் செயலகத்துக்குப் போனோம். பாக்கியலெட்சுமி கடிதத்தை ஒருமுறை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க பக்கம் வாராருன்னா வாராருதான் சார். வரமாட்டாருன்னா, வரமாட்டாருன்னுதானே எழுதியிருப்பேன்?"

அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு எனக்கு விளங்கிய ஒரே வசனம் அதுதான். ஆனால் அவருக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை. உதவிச் செயலாளர் கோப்பை இரண்டு தரம் புரட்டித் தீர்ப்புச் சொன்னார். செயலகத்தின் முத்திரை பதிந்த கடிதத்தில் பிழை இருக்க இடமில்லை. பிழை என்று ஏற்பதானால், விண்ணப்பதாரி திரும்பி வருகிறவர்தான் என்பது நிரூபிக்கப்படவேண்டும். எனவே அவர் முதலில் போய், திரும்பி வந்து, கடவுச்சீட்டில் உள்ள வருகை முத்திரையைச் சமர்ப்பித்தால், அவர் போவதற்குத் தேவையான கடிதம் தாமதமின்றித் திருத்தித் தரப்படும். இதை இராஜநாயகத்துக்குத் தமிழில் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சொன்னேன். பழக்க தோசத்தில் வசனம் நன்றாகவே அமைந்தது.

அன்று பின்னேரம் அருள்நாயகி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள், அவர் தொடவில்லை.

"கிளறன்ஸ் அண்ணை, எனக்கு உந்த இலக்கணம் ஒண்டும் தெரியாது. பதினெட்டு வருசமா என்ர வாசலுக்கு வந்தவை எல்லாரையும் வாங்கோ எண்டுதான் சொல்லியிருக்கிறன். ஒருத்தரையும் எப்ப போறியள் எண்டு கேட்டதில்லை. எனக்கு ஒரு பத்து நாள் வேணும். அவ்வளவுதான்."

இந்தப் பெண் திரும்பி வருவார் என்று ஒழுங்கை முழுவதிலும் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று காலைதான் அவர் பல்கனியில் தேசிக்காய் ஊறுகாய் வெயிலுக்கு வைத்திருந்தார், அது பதமாக ஒரு மாதம் வேண்டும். திரும்பி வராதவர் ஊறுகாய் போடமாட்டார். ஆனால் ஊறுகாயை அத்தாட்சியாக ஏற்கும் சுற்றறிக்கை எதையும் நான் மொழிபெயர்த்ததில்லை.

அவர் போனதும் கணினி முன்னால் இருந்து, திரும்பி வருவார் என்றே ஆங்கிலத்தில் அடித்தேன். என் முத்திரைக்குக் கீழே நான் எழுதிய முதல் பொய். உறையிலிட்டு, ஒட்டி, ஒட்டியதன் மேலும் முத்திரை குத்திக் கொடுத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினேன்.

ஒன்பதாம் நாள் விசா கிடைத்தது. ஆவணங்களும் திரும்பி வந்தன. இராஜநாயகம் என்னுடைய உறையை நன்றியோடு என் கையில் தந்தார். ஒட்டு அப்படியே இருந்தது, முத்திரையும் கிழியவில்லை. பதினேழாவது ஆவணம் இருக்கிறது என்று எண்ணியதோடு அவர்களுடைய கடமை முடிந்திருக்கிறது. நான் பாவம் செய்ததைவிட, அதை ஒருவரும் வாசிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

அவர்கள் புறப்பட்ட அன்று கட்டடமே கீழே இறங்கி வந்து அழுதது. ஐந்தாம் மாடி அம்மா அருள்நாயகியைக் கட்டிப்பிடித்தபடி பிரிஜ்ஜை நினைவூட்டினார்.

அங்கே நடந்ததை அருள்நாயகி பிறகு எனக்குச் சொன்னார். சாருகா சுயாதீனமாகத் தெரிவுசெய்த தங்குமிடத்துக்கு ஏராளமான நட்சத்திரங்கள் கிடைத்திருந்தன, அதில் முழுமையான சமையலறை இருந்ததுதான் காரணம். முதல் நாள் பாணும் சீஸும் சாப்பிட்டார்கள். இரண்டாம் நாள் இராஜநாயகம், ஒரு பிடி சோறென்றாலும் இருந்தால் நல்லது என்று யன்னலைப் பார்த்துச் சொன்னார். சாருகாவும் தகப்பனோடு சேர்ந்தாள். யூடியூப் தம்பதிக்குச் சோறு தேவையில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மிச்ச நாள் முழுவதும் அருள்நாயகி அந்நிய அடுப்பில் நின்று சமைத்தார். அந்த அடுப்பை மூட்டவே அவருக்கு அரை நாள் பிடித்தது.

பதினோராம் நாள் காலை மூன்று பேரும் பெட்டிகளோடு ஒழுங்கையில் வந்து இறங்கினார்கள். பத்து நிமிடத்தில் செய்தி கடற்கரை வரைக்கும் போனது: பாவம், பிடிச்சு அனுப்பிப்போட்டாங்கள்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்தான் சாப்பாடு கொண்டுபோவார்கள். அந்த வழக்கம் மேற்படி குடும்பத்துக்கும் உடனடியாக அமுலுக்கு வந்தது. காலையில் இரண்டாம் மாடியிலிருந்து இடியப்பமும் சொதியும் வந்தன. மத்தியானம் ஐந்தாம் மாடியிலிருந்து சோறும் ஐந்து கறியும் வந்தன. இரவுக்கு எங்கள் வீட்டுப் பிட்டை நான்தான் கொண்டுபோனேன். நடந்ததை விளக்க வாயெடுத்த அருள்நாயகி, இடியப்பத் தட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு, சோகமாக நிலத்தைப் பார்த்தார். பிறகு கணவனிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"வாய் திறந்தியளோ, நாளையிலிருந்து நீங்கள்தான் சமையல்."

ஒன்பது நாள் இராஜநாயகம் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் கிராம சேவகர் ரொஷான் ஒரு கையில் சாப்பாட்டுக் கரியரும், மறு கையில் தன்னுடைய சொந்தக் கடவுச்சீட்டு வைத்த கோப்புமாக வந்தார். கூடத்தில் அவரோடு எட்டுப் பேர் இருந்தோம். விமான நிலையத்தில் பிடித்தார்களா, ஊருக்குள் வைத்துப் பிடித்தார்களா என்று ரொஷான் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்த இடத்தைத் தான் தவிர்த்துக்கொள்ளலாம் என்றார். இராஜநாயகத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஒருத்தரும் பிடிக்கேல்லை. நாங்களாத்தான் வந்தனாங்கள்."

ரொஷான் நம்பமுடியாமல், ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். கேட்டது அவர் மட்டுமல்ல, எல்லோருமே முன்னுக்குச் சாய்ந்துவிட்டோம். இராஜநாயகம் யோசித்துப் பார்த்தார்.

"வீடு இஞ்சதானே இருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் மாடிக்காரர் எழும்பி மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டினார். ரொஷான் தன் கரியரை அவர் பக்கமாக இன்னும் கிட்டத் தள்ளிவைத்தார். ஐந்தாம் மாடி அம்மா அருள்நாயகியின் காதில், நுகேகொடையில் ஒரு நல்ல டொக்டர் இருக்கிறார், இதைப்போல எத்தனையோ பேரைச் சுகப்படுத்தியவர் என்று சொன்னார். அடுத்த நாளிலிருந்து சாப்பாடு இரட்டிப்பாக வந்தது.

அந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன், நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன். மெல்பேர்னில் இருக்கும் என் மகள் எனக்கும் மனைவிக்குமாக அங்கேயே குடியேற விண்ணப்பம் போட்டு ஏழு மாதமாகிறது. பத்திரங்களை எல்லாம் நானே மொழிபெயர்த்தேன், ஓர் எழுத்துப் பிழை கிடையாது. அந்தப் படிவம் இருபத்திரண்டு பக்கம். திரும்பி வருவீர்களா என்று அதில் ஓர் இடத்திலும் கேட்கவில்லை. எனக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.