கழுத்து ஸ்கேனுக்கு மூன்று பாட்டில் தண்ணீர்

எல்லாம் தெரிந்தவன்போல் பேசுகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வரிசையில் முதல் ஆளே நான்தான் என்பதால் கோபம் இரண்டு மடங்கு.

மில்லில் உழைத்து ஓய்ந்த அப்பாவுக்கு, ஒருநாள் சாப்பிடும்போது வலது கை மரத்துச் சோறு நழுவியது. பேச்சும் குழறியது. பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. டாக்டர் விடவில்லை.

"பக்கவாதம் வரப்போவுதுன்னு எச்சரிக்கை இது. கழுத்து ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கான்னு இன்னிக்கே ஸ்கேன் பாத்துடுங்க."

மனைவியின் இரண்டு பிரசவத்துக்கும் ஸ்கேன் சென்டரில் காத்துக் கிடந்தவன் நான் (அனுபவஸ்தனாம்). வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒன்றுக்குப் போகக் கூடாது. இதைப் போய் யாரிடமாவது கேட்பேனா? மூன்று பாட்டில் தண்ணீரை அப்பாவைக் குடிக்க வைத்தேன்.

வரிசை நகரவே இல்லை.

"டேய், தாங்கலடா. போய்ட்டு வந்துடறேன்."

"போனா மறுபடி மொதல்லேருந்து குடிக்கணும். சும்மா ஒக்காருப்பா."

"மனுசனாடா நீ?"

எழுபது வயது மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

உள்ளே, ஸ்கேன் எடுக்கும் பெண் அவர் கழுத்தில் ஜெல் தடவினார். "யூரின் ஃபுல்லா இருக்குங்க மேடம்" என்றேன் பெருமையாக.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுத்துக்கு எதுக்கு சார் அது?"

அப்பா எழுந்து, ஜெல் வழிய வழிய ஓடினார். பாத்ரூம் கதவைத் தொடுவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பிறகு எடுத்த ஸ்கேனில் இடது பக்கம் பெரிய அடைப்பு. ஆபரேஷன் செய்யாவிட்டால் பக்கவாதம் வரலாம், செய்தாலும் பேச்சு போகும் ஆபத்து கொஞ்சம் உண்டு என்றார்கள். அப்பாவோ என்னோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். ஆபரேஷனுக்காகக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸில்கூட என் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசியாக என்னிடம் பேசியது 'மனுசனாடா நீ'யாகவே போய்விடுமோ என்று பயந்து செத்தேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவரிடம் டாக்டர், "ஐயா, வலது கையத் தூக்குங்க. ஏதாவது பேசுங்க" என்றார்.

அப்பா கையைத் தூக்கி, வாசலில் நின்ற என்னைக் காட்டினார். "இந்தப் பயல வெளிய அனுப்புங்க. நான் ஒன்னுக்குப் போவணும்."

வெளியே போய் அழுதேன்.

இன்றும் வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் போதும், அப்பா பாத்ரூம் கதவருகே நின்று, "சார், போவலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்பார். ஒவ்வொரு முறையும் சுள்ளென்று கோபம் வரும். ஒரு எழுத்துகூடக் குழறாமல் கேட்கிறாரே என்று வாயை மூடிக்கொள்வேன்.