பானைக்குள் பன்னிரண்டு சாட்சி

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் நம்ம மேலேயும் கேஸ் போட்டுவிடுவார்கள்.

ஒரு காட்டில் ஒரு குளம். அந்தக் குளத்துத் தவளைகளுக்கு ஒரு பெருமை உண்டு. மேகத்திலிருந்து நேராக விழுந்த சாதியாம் அவை. மற்றதுகள் மாதிரி கண்ட இடத்தில் பிறக்கவில்லையாம்.

அங்கே பள்ளிக்கூடத்தில் ஆமை டீச்சர் ஒரு நாள் பாடம் நடத்தினார். "தவளை முதலில் தலைப்பிரட்டை. வால் இருக்கும். அப்புறம் கால் முளைக்கும், வால் போயிடும்."

தவளைப் பூசாரி கோர்ட்டுக்குத் தாவினார். "எங்க வம்சத்துக்கு வாலா? இந்த அம்மாவைக் குளத்தை விட்டே துரத்தணும் எஜமான்!"

டீச்சருக்குப் போக வேறு தண்ணீர் கிடையாது. நரி வக்கீலைப் பிடித்தார்.

"பேசி என்ன ஆகப்போகுது டீச்சர்? காட்டிடுவோம்" என்று நரி பானையில் பன்னிரண்டு தலைப்பிரட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். பெருச்சாளி குமாஸ்தா எண்ணிப் பதிவேட்டில் எழுதினார்: 'வால் உள்ளவை பன்னிரண்டு. கால் இல்லை.' பானை வாயில் துணி கட்டி, சீல் வைத்தார்.

உடும்பு ஜட்ஜ் வாய்தா போட்டார். அடுத்த வாய்தாவுக்கு அவருக்குத் தோல் உரிக்கும் லீவு. அதற்கடுத்து பூசாரிக்குத் தொண்டைக்கட்டு. இப்படியே இரண்டு மாதம். குமாஸ்தா மட்டும் துணி வழியாகப் பாசித் தண்ணீர் ஊற்றி வந்தார்.

ஒருவழியாகப் பானையைத் திறந்தால், பன்னிரண்டு குட்டித் தவளைகள்!

"பார்த்தீங்களா!" டீச்சரின் கழுத்து முழுசாக வெளியே வந்துவிட்டது.

குமாஸ்தா பதிவேட்டைத் தட்டினார். "பன்னிரண்டு வாலைக் காணோம். சீல் வெச்ச சாட்சியம் திருட்டுப் போயிருக்கு எஜமான்."

"அப்படியா? அப்போ டீச்சர் குளத்தை விட்டு இல்லை, காட்டை விட்டே வெளியே" என்றார் ஜட்ஜ்.

கழுத்து உள்ளே போய்விட்டது.

நரி சட்டென்று பூசாரியைக் கும்பிட்டார். "சாமி, கட்டின துணி கட்டினபடி இருக்கு, உள்ளே மேகம் இறங்கியிருக்கே! கோயில் கட்டவேண்டிய இடத்துல கேஸ் நடத்துறோமே!"

பூசாரி சேற்றைக் குழைத்துப் பானைக்குப் பட்டை போட்டார்.

"அப்போ வால்?" என்றார் குமாஸ்தா.

"மேகம் எடுத்துக்கிச்சு" என்றார் நரி. "சாமி எடுத்தா திருட்டாய்யா?"

ஜட்ஜ் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, கேஸைத் தள்ளுபடி செய்தார்.

டீச்சருக்குத்தான் பொறுக்கவில்லை. "எஜமான், அது அப்படி இல்லை, முதலில் பின்னங்கால் வரும்..." என்று ஆரம்பித்தார்.

நரி தன் வாலைச் சுருட்டி அவர் வாயில் திணித்தார்.

நீதி: உண்மையை நிரூபித்தால் தண்டனை. அற்புதம் என்று சொல்லும்போது வாயை மூடிக்கொண்டால் விடுதலை, கூடவே கோயில் சுண்டல்.