உங்கள் தங்கை டாக்டருக்குப் படிக்கப் போகிறாளாம்

மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் ஒருவன்தான் சுகமாக இல்லை. மற்ற இரண்டு பேரும் அதைக் கவனிக்க நேரமில்லாத அளவுக்குச் சுகமாக இருக்கிறார்கள். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் சொன்னால் உங்கள் தங்கை பக்கத்து அறையிலிருந்து வந்து பிடுங்கி, "அண்ணா, அவர் சொல்றதுல பாதியைத் தள்ளிடு" என்பாள். அதனால்தான் அச்சகத்தில் மதிய இடைவேளையில், புரூஃப் கட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பாதியைத் தள்ளாமல் முழுவதையும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் செய்தித்தாளில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை காபியை வைத்துவிட்டு, "டாக்டருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். என் காதில் டாக்டர் மட்டும்தான் விழுந்தது. "ஏன், உடம்புக்கு என்ன?" என்றேன். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. படிக்கப் போறேன்." நாற்பத்தேழு வயது, மச்சான். இருபத்திரண்டு வருடமாக லேப்பில் ஊரார் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறவள். நான் சிரித்தேன். எங்கள் மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்பே தெரியுமாம். பாங்கில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அம்மாவுக்கு ஆலோசகர் ஆகிவிட்டாள். நான் செய்தித்தாள் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். நுழைவுத் தேர்வுக்குத் தயாராக ஒரு வருடம், படிப்பு ஐந்து, பயிற்சி ஒன்று, தடுக்கி விழுந்தால் இன்னும் ஒன்று. "அம்பத்தஞ்சு வயசுல டாக்டராகி என்னத்தைக் கிழிக்கப் போற?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அதற்கு உங்கள் தங்கை, "நீங்க முப்பது வருஷமா வேலை பார்த்து என்னத்தைக் கிழிச்சீங்கன்னு நான் என்னைக்காவது கேட்டேனா?" என்கிறாள். மகள் இப்போது சிரித்தாள்.

அன்று போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை. அவள் லேப் படிப்பில் வேதியியலும் இயற்பியலும் போதாதாம், அதற்கு மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்தப் பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் ஓடிவந்து, "மேடம், அசைன்மென்ட்டுக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம்" என்று கெஞ்சியிருக்கிறாள். உங்கள் தங்கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்! வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. வீட்டு நிலவரம் அதைவிட மோசம். சாப்பாட்டு மேஜை முழுக்கப் புத்தகம், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். டிவி பார்க்க சோபாவில் சாய்ந்தால் வந்து விலாவுக்குக் கீழே அமுக்கி, "மூச்சை இழுங்க, ஈரல் தட்டுப்படுதான்னு பார்க்கறேன்" என்கிறாள். ஐம்பத்து மூன்று வருடமாக என் ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலே நிம்மதியாக இருந்தவன் நான். போன வாரம் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினேன். அப்படியே பிடித்து நிறுத்தி, என் முழங்கை மூன்றாம் வகை நெம்புகோல் என்று மகளுக்கு விளக்கினாள். முதல் வகை கழுத்தாம், இரண்டாம் வகை குதிகாலாம். சொந்த வீட்டில் எனக்கு மிஞ்சிய அந்தஸ்து மூன்றாம் வகை!

இதெல்லாம் போகட்டும். மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பிப்பவர்களுக்கு விளக்கக் கூட்டம் என்று ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள். நானும் போனேன். மனதில் ஒரு திட்டத்தோடுதான் போனேன், தங்களிடம் மறைப்பானேன்? நான் சொன்னால்தானே சண்டை, அதிகாரி ஒருவர் வாயால் "உங்களுக்கெல்லாம் இடமில்லை" என்று வந்துவிட்டால் வழியிலேயே கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். வாசலில் மேஜை போட்டு ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். உங்கள் தங்கையை நிமிர்ந்து பார்க்காமலே "பெற்றோர்" என்று அச்சடித்த அட்டையை நீட்டி, "பிள்ளை எங்கம்மா?" என்றார். "நான்தான் பிள்ளை" என்றாள். அப்போதுதான் நிமிர்ந்தார். மேலும் கீழும் பார்த்தார். அவளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "சார், இது டாக்டர் படிப்பு. வீட்ல இருக்கிறவங்களுக்குப் பொழுதுபோகணும்னா நோயாளியைப் பாத்துக்கற பயிற்சி இருக்கு, மூணு மாசம்தான், அடுத்த கட்டடம். கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நான் எதற்காகப் போனேனோ அது நடந்துவிட்டது. "சரி, வா போகலாம்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால், மச்சான், அந்த ஆள் சொன்ன விதம்! "பொழுதுபோகணும்னா"வாம்! காலை ஆறரைக்கு வேலைக்குப் போய், மாலை வகுப்பை முடித்து, வீடு திரும்ப ஒன்பது ஆகிற பெண்பிள்ளையைப் பார்த்து! எனக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. மேஜை மேல் கிடந்த விவரக் கையேட்டை எடுத்து, வீட்டிலேயே பிழை பார்த்துவைத்திருந்த ஏழாம் பக்கத்தைப் பிரித்து, "இங்க என்ன போட்டிருக்கு? வாசிங்க. வயது வரம்பு இல்லை. சத்தமா வாசிங்க!" என்றேன். அவர் வாசித்தார். "இதே பக்கத்துல மூணு எழுத்துப்பிழை இருக்கு. ‘மருத்துவ’த்துலயே ‘த்’தை விட்டிருக்கீங்க. நீங்க யாரை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பறது?" என்றேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். எழுத்தர் எழுந்து நின்று அவளுக்குச் சரியான அட்டையைக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் திட்டம் நாசமாய்ப் போனதற்கு அவள்தான் முழுப் பொறுப்பு.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். கூட வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். பெரிய டாக்டர் மூன்று வாரம் இழுத்தடித்து நாலு வரி எழுதிக் கொடுத்தார். நேரம் தவறாதவர், நரம்பு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர், விடுப்பு எடுப்பதில்லை, தொந்தரவு தராதவர். பழைய வண்டியை விற்கிறவன் விளம்பரம் கொடுப்பது மாதிரி! இருபத்திரண்டு வருடத்துக்கு இவ்வளவுதானா என்று நான் கேட்கப் புறப்பட்டேன். அம்மாவும் மகளும் சேர்ந்து என் செருப்பை ஒளித்துவைத்துவிட்டார்கள்.

கடைசியில் கட்டுரை. ஏன் டாக்டராக விரும்புகிறீர்கள், ஐந்நூறு வார்த்தைக்குள். போன புதன்கிழமை அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "பிழை மட்டும் பாருங்க, விஷயத்துல கை வைக்காதீங்க" என்றாள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எழுதியிருந்தது இது: போன வருடம் ஒரு வேன் டிரைவர் சர்க்கரையோடு இரத்த அணுப் பரிசோதனைக்கும் வந்திருக்கிறார். இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அதில் ஏதோ சரியில்லை என்று இவளுக்குப் பட்டிருக்கிறது. ஸ்லைடை எடுத்துக்கொண்டு போய் அங்கிருந்த சின்ன டாக்டரிடம், ஒருதடவை பாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். "நீங்க ரத்தம் எடுங்கம்மா, யோசிக்கிறதுக்கு நாங்க இருக்கோம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். எல்லாம் இயல்பு என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து அந்த டிரைவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருக்கிறார்கள். இவள்தான் மறுபடி ஊசி குத்தி இரத்தம் எடுத்தாள். "நல்லா இருக்குன்னுதானேம்மா எழுதிக் குடுத்தீங்க?" என்று அவர் கேட்டாராம். "எனக்குத் தெரிந்ததைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை, அந்த இடத்துக்குப் போக விரும்புகிறேன்" என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த வரி: "இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை."

அந்த டிரைவர் திரும்பி வந்த நாளின் தேதியும் போட்டிருந்தாள். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. சட்டையில் பொத்தான் தைத்து வைக்கவில்லை என்று அன்று அரை மணி நேரம் கத்தினேன். அவள் தைத்துக் கொடுத்தாள். கட்டின புருஷன் இந்தச் சேதியைப் புரூஃப் பார்க்கும்போதுதான் தெரிந்துகொள்ள வேண்டுமா? கேட்டேன். "ஏன் சொல்லலை?" "சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" நான் யோசித்தேன். "உனக்கெதுக்கு வம்புன்னு சொல்லியிருப்பீங்க" என்றாள். அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லாத ஒன்றுக்காக ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கலாமா? வார்த்தை அதிகமாக இருக்கிறது என்று அந்த வரியை அடித்தேன். வார்த்தைக்காக மட்டும் இல்லை. காலையில் பார்த்தால், அடித்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறாள். எங்கள் தொழிலில் அப்படிப் புள்ளி வைத்தால் அடித்தது செல்லாது, வரி அப்படியே இருக்கட்டும் என்று பொருள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் என்னிடம் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் போலிருக்கிறது. வரி அப்படியே இருக்கிறது. நான் வேறு இடத்தில் வார்த்தைகளைக் குறைத்தேன்.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து உங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லி எடுபடவில்லை. தாங்கள் சொன்னால் கேட்பாள். பதினெட்டு வயதில் அவள் இதே படிப்பைக் கேட்டபோது, "ரெண்டு வருஷ லேப் படிப்பு போதும்" என்று தாங்கள் ஒரே வரியில் முடித்தீர்களாம், மறுபேச்சுப் பேசாமல் போய்ச் சேர்ந்தாளாம். ஒரு தடவை கேட்டவள் இன்னொரு தடவை கேட்க மாட்டாளா?

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உரிய வயதில் படித்து முடிக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். கையெழுத்துப் போட்டால் போதும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வயது கூடிய விண்ணப்பதாரர் என்றால், படிக்கும் ஐந்து வருடமும் குடும்பத்தின் முழு ஒத்துழைப்பு உண்டு, யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை என்று இரண்டு உறவினர்கள் எழுதித் தர வேண்டுமாம். பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்கிறார்களா? அக்கிரமம்! இதைப் பற்றிக் கல்லூரி முதல்வருக்கு ஆறு பக்கத்தில் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது இடம் தங்களுக்கு. வெள்ளிக்கிழமை கடைசி நாள், திருப்பி அனுப்ப உறையும் உள்ளே இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள், மச்சான்: இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.