தோன்றாத் தடை

செம்பரை என்றொரு நாடு, நடுவே ஆறு. வேலையெல்லாம் வடகரையில், வேலை தேடுகிறவர்கள் எல்லாம் தென்கரையில். பாலம் கட்டப்போவதாகச் சொல்லி மன்னரின் மைத்துனர் ஆற்றிலிருந்த தோணிகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார். பாலத்தை இன்னும் எவரும் பார்க்கவில்லை. மைத்துனரின் புது மாளிகையில் தோணிப் பலகை ஊஞ்சலாக ஆடுகிறது என்று பேச்சு. நமக்கெதற்கு வம்பு.

தென்கரைச் சிட்டம்மாவுக்கு வடகரை உப்புக் கிடங்கில் வேலை தருவதாக அக்கரையிலிருந்தே ஆள் கூவிச் சொல்லியிருந்தான். அமாவாசையன்று போய் நிற்காவிட்டால் இடம் வேறொருவருக்கு. அவள் வீட்டு அடுப்போ ஒருவேளைதான் எரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அரண்மனைப் படகில் வந்திறங்கினார் மக்களின் மனத்தடைகளை அளக்கும் துறையின் தலைவர் மெய்கண்டார்.

"வேலைக்குப் போக ஏதேனும் தடை இருப்பதாகத் தோன்றுகிறதா, அம்மணி?"

"தோணியில்லீங்க."

தலைநகரத்துக்காரர் 'தோணலீங்க' என்று எழுதிக்கொண்டார். தென்கரை முழுக்க அதே பதில். மனிதருக்குக் காது மந்தமா, காரியத்துக்காக மந்தமா என்று சிட்டம்மாவுக்கு அன்றே ஐயம்.

மறுவாரம் முரசு அறைந்தார்கள்: தடை தோன்றாமலும் வேலைக்குப் போகாதவர்கள் சோம்பேறிகள், அவர்களுக்கான கஞ்சித்தொட்டி மூடப்படுகிறது.

சிட்டம்மா மெய்கண்டாரை வழிமறித்தாள். "தப்பா கேட்டுட்டீங்கய்யா. தடை நல்லாவே தோணுது. அந்தா ஓடுது பாருங்க."

"தோன்றுகிறதா? அப்படியானால் அது மனக்கோளாறு. தன்னம்பிக்கை வகுப்புக்கு வா."

"எங்கிட்டு நடக்குதுங்க?"

"வடகரையில்."

"அப்ப உங்க படகுலயே ஏறிக்கிடவா?"

"அளக்கப்படுபவர் ஏறினால் அளவு கெட்டுவிடும்."

பக்கத்து வீட்டு மரிக்கொழுந்து சிரித்தாள். "விடுடி. ஆறு வத்திட்டா அவரு சோத்துக்கு எங்க போவாரு?"

அமாவாசை விடிந்ததும் சிட்டம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். கழுத்தளவு தண்ணீரில் போனவளைக் காவலர்கள் கொண்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"வேலைக்குத்தானய்யா போறேன்."

மெய்கண்டார் குரலைத் தாழ்த்தினார். "நனைந்த சேலையோடு நீ அங்கே போய் நின்றால், நடுவில் ஆறு இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே."

உப்புக் கிடங்கு வேலை மைத்துனரின் சமையற்காரனுடைய மச்சானுக்குப் போயிற்று. மாலையில் கரை நெடுகப் பலகை நட்டார்கள்: 'ஆற்றில் இறங்கத் தடை.'

"இதையாச்சும் எழுதிக்கிடுங்கய்யா" என்றாள் சிட்டம்மா.

மெய்கண்டார் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு எழுத்தாணியை மடியில் செருகிக்கொண்டார்.

"இது உனக்குத் தோன்றியதல்ல. நாங்கள் போட்டது. இதை அளக்கத் துறைக்கு அதிகாரமில்லை."