ஒரு மாத்திரை மிச்சம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அங்கே எல்லோரும் நிம்மதியாக இருப்பீர்கள். அதைக் கெடுக்கவே இதை எழுதுகிறேன், மன்னிக்கவும். உங்கள் மகளும் வயிற்றில் இருக்கும் பத்து வாரக் குழந்தையும் சௌக்கியம் என்று இன்று காலை பத்து மணி வரை என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது.

அவளுக்குத் தைராய்டு குறைவு என்று டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குச் சொந்தமாக அது சுரக்க நாளாகுமாம், அதுவரை தாயிடமிருந்து போவதை நம்பித்தான் மூளை வளர வேண்டுமாம். அதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். பள்ளியில் உயிரியல் எடுப்பவள் அல்லவா, உங்கள் மகள் பழைய உறையின் பின்பக்கம் படம் வேறு போட்டுக் காட்டினாள். "மாமா, ஹார்மோன் செல்லுக்குள்ள போனா மட்டும் போதாது. உள்ளறைல ஏற்பின்னு ஒருத்தர் மரபணு மேல உக்காந்திருப்பார். ஹார்மோன் அவர் கையில சேர்ந்தாதான் அதைத் திறக்க விடுவார். அப்புறம்தான் எங்க போகணும், என்னவா ஆகணும்னு மூளை செல்லுக்கு உத்தரவு வரும்." சேராவிட்டால் என்று கேட்டேன். "திறக்க விடாம அழுத்திப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பார்."

சம்பந்தி, முப்பத்திரண்டு வருடம் அலுவலகத் தபால் பிரிவில் இருந்தவன் நான். இந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு நாள் தபால் தவறியதில் இடமாறுதல் உத்தரவு கிடைக்காமல் ஒரு மனிதர் நாலு வருடம் மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நம் பேரக்குழந்தையின் மூளையில் ஒரு செல் அப்படி உட்கார்ந்துவிட்டால் யார் போய் எழுப்புவது? அதனால் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மாத்திரை அட்டையில் காலிக் குழிகளைத் தினமும் எண்ணி வந்தேன். இன்று எண்ணினால் ஒரு மாத்திரை அதிகம். நேற்று அவள் போடவில்லை! போன் செய்தால் வகுப்பில் இருக்கிறாள், எடுக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை எடுத்து, "அப்பா, மீட்டிங்" என்று வைத்துவிட்டான். காலுக்கொரு ஜோடிச் செருப்பாக மாற்றி மாட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது சார், ரத்தத்துல இருப்பு இருக்கும்" என்றார். தபால் பிரிவில் வேலை பார்க்காதவர், சொல்லத்தான் செய்வார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி, "ஒரு நாள் விட்டா குடியா முழுகிடும்?" என்கிறாள். பாட்டியாகப் போகிறவள் பேசுகிற பேச்சா இது? நீங்களாவது உங்கள் மகளுக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உங்களுக்கு என் கவலையில் சரிபாதி.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: சாயங்காலம் உங்கள் மகள் வந்தாள். அவளுடைய அட்டை கைப்பையில் இருக்கிறதாம், ஒரு நாளும் தவறவில்லையாம். ஃபிரிட்ஜ் மேல் இருப்பது என் மனைவியுடையது. அவளுக்கும் அதே மாத்திரைதானாம், பதினோரு வருடமாக. எனக்குத் தெரியாது. "போகட்டும், இப்பவாவது எண்ணிப் பாத்தீங்களே" என்றாள் என் மனைவி. அவள் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்கள் வீட்டம்மா காலையில் என்ன மாத்திரை போடுகிறார் என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.