நான் சொல்லாமல் விட்ட பாதி அயர்லாந்து

தேர்தலில் என்னைத் தோற்கடித்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு பெண்மணியை அவர் குடியிருந்த வீட்டிலிருந்து கிளப்பப் பார்த்தேன். அதற்காகக் கூசாமல் ஒரு பொய்யும் சொன்னேன். கல்லூரியில் வேலை பார்த்த காலமெல்லாம் அயர்லாந்து வரலாறு நடத்தியவன் நான். அங்கே நிலப்பிரபுக்கள் குடியானவர்களை வீட்டைவிட்டு விரட்டிய பாடம் வந்தால் வகுப்பிலேயே கண் கலங்குவேன். (மாணவர்கள் அதற்காகவே அந்தப் பாடத்தை மறுபடி நடத்தச் சொல்வார்கள். மணி அடிக்கும்வரை பொழுது போகும்.)

லிங்கராஜபுரத்தில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு ஒரு வீடு. என் மகன் பெயரில் இன்னொரு வீடு. மகன் கனடாவில் இருப்பதால் அதை ஸ்டெல்லாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். தெருமுனையில் தையல்கடை வைத்திருப்பவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகளுக்குத் தாய். குடியிருப்போர் சங்கத்தை, கட்டடம் கட்டியவரின் மைத்துனர் நாகராஜ் நடத்திவந்தார். அவரை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. வாடகைக்காரர்கள் மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுவார்கள். ஆனால் கூட்டத்தில் வாய் திறக்க உரிமை கிடையாது.

எனக்குத் தலைவராக ஆசை. ஓய்வு பெற்றபின் என்னை யாரும் மேடையில் ஏற்றவில்லை, வேறு காரணம் இல்லை. வீட்டுக்காரர்கள் எனக்கு ஓட்டுப் போட மாட்டார்கள் என்று தெரியும். (புது வருட விருந்தில் பிரியாணி ஆறும்வரை நான் பேசியதை அவர்கள் மறக்கவில்லை.) வாடகைக்காரர்களோ எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்துவிட்டால், நன்றிக்கடனாக எனக்குத்தானே போடுவார்கள்?

கோடையில் தண்ணீர் லாரி ஒருநாள் வந்தும் ஒருநாள் வராமலும் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டோம். நான் எழுந்தேன்.

"அயர்லாந்தில் ஒவ்வொரு மாவட்டத்தையும் பெரிய நிலக்காரர்களின் குழு ஒன்று ஆண்டது. வரி கட்டியது ஊர், முடிவெடுத்தது அவர்கள். 1898-இல் ஒரு சட்டம் வந்தது. குடியிருப்பவனுக்கும் ஓட்டு! பெண்களுக்கும் ஓட்டு! சில மன்றங்களில் பெண்களே போட்டியிட்டு ஜெயித்தார்கள்!"

"என்ன சார், அயர்லாந்துல காவேரித் தண்ணி டெய்லி வருதா?" என்றார் நாகராஜ்.

"தண்ணியை விடுங்க. ஓட்டு கொடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பிளாஸ்டிக் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நாகராஜ் மிரண்டு ஒப்புக்கொண்டார். இனிமேல் இங்கே குடியிருப்பவர் யாரும் ஓட்டுப் போடலாம், தலைவராகவும் நிற்கலாம்.

நான் என் பெயரைக் கொடுத்துவிட்டு, சும்மா ஒரு மரியாதைக்காக, "வேறு யாராவது?" என்றேன்.

ஸ்டெல்லா கையைத் தூக்கினார். "பொம்பளைங்களும் நிக்கலாம்னு இப்பதானே சார் சொன்னீங்க? அப்ப நானும் நிக்கிறேன்."

அயர்லாந்தில் அடுத்து என்ன நடந்தது என்று வருடாவருடம் பரீட்சையில் கேட்டவன் நான். மறு வருடமே நடந்த முதல் தேர்தலில், நாட்டின் பெரும்பகுதியில் நிலப்பிரபுக்களைத் துடைத்தெடுத்துவிட்டு விவசாயிகளும் கடைக்காரர்களும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். விடை தெரிந்த ஆசாமி, தானே அந்த விடைக்குள் நிற்பதைக் கவனிக்கவில்லை.

சீட்டுகளை எண்ணியபோது எனக்கு விழுந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. நாகராஜ் என் தோளில் கை போட்டார். "நான் உங்களுக்குத்தான் சார் போட்டேன். ஓனருங்க நாம ஒண்ணா இருக்கணும்ல?"

தோற்றதைவிட அந்தத் தோழமைதான் எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் மூளை தப்பாக வேலை செய்தது. குடியிருப்பவர்தானே தலைவராக இருக்கலாம்? வீடு போனால் பதவியும் போகும். மறுநாளே ஸ்டெல்லாவிடம், "பையன் கனடாவிலிருந்து வந்துடறான்மா. வீடு வேணும்" என்றேன்.

அவர் முகம் வாடியது. "பாப்பாவுக்குப் பரீட்சை முடியறவரைக்குமாவது..." என்றவர், நான் வேறெங்கோ பார்ப்பதைக் கண்டு, "சரி சார், பாக்கிறேன்" என்று போய்விட்டார்.

நாலு நாள் கழித்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் ஸ்டெல்லா ஒரு செய்தி போட்டார். 'சார் மகன் கனடாவிலிருந்து திரும்பி வருகிறார். அவர் காருக்கு நிழலான இடம் ஒதுக்கியிருக்கிறோம். அனைவர் சார்பிலும் நல்வரவு.'

வீடு மகன் பெயரில் இருந்ததால் அவனும் அந்தக் குழுவில் இருந்தான். சற்று நேரத்தில் கனடாவிலிருந்து பதில் வந்தது: 'அப்பா, நான் வரேனா? எப்ப?'

மொத்தக் கட்டடமும் படித்தது. என் மனைவி பிரமிளா போனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பாவம் அந்தக் குடியானவங்கன்னு பாடத்தைச் சொல்லிச் சொல்லி அழுவீங்களே. இப்ப விரட்டற துரை யாருங்க?"

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். எல்லோரும் பயந்தார்கள். இந்தமுறை சுருக்கமாகவே பேசினேன். நான் சொன்னது பொய், அதன் காரணம் பொறாமை. ஸ்டெல்லா விரும்பும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். பிறகு, அன்று சொல்லாமல் விட்ட மீதி அயர்லாந்தையும் சொன்னேன். முதலில் கைதட்டியது நாகராஜ்.

ஸ்டெல்லா உடனே சிரித்துவிடவில்லை. "ரெண்டு நாள் வீடு தேடி அலைஞ்சேன் சார். பாப்பா புக்கை எல்லாம் மூட்டை கட்டிட்டா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அப்புறம் அவரே, "மன்னிப்பு இருக்கட்டும். லாரி விடியக்காலைல வருது, கூட நிக்க ஆள் இல்லை. உங்களுக்குத் தூக்கம் கம்மின்னு ஆன்ட்டி சொன்னாங்க" என்றார்.

அன்றிலிருந்து லாரிக்காரனோடு குழாய் பிடிப்பவன் நான். ஸ்டெல்லாவின் மகள் பாஸாகி இப்போது காலேஜுக்குப் போகிறாள். ஸ்டெல்லாதான் இன்னும் தலைவர். ஒவ்வொரு தேர்தலிலும் அவர் பெயரை முன்மொழிவது நான். வீட்டில் என் பெயர் துரை. "துரை, லாரி வந்தாச்சு!" என்றுதான் என்னை எழுப்புகிறாள் பிரமிளா. கனடாவிலிருந்து மகன் போன் செய்தாலும், "துரை இருக்காரா?" என்றுதான் ஆரம்பிக்கிறான்.

போன வாரம் புது டிரைவர் ஒருவன், என் நனைந்த லுங்கியைப் பார்த்துவிட்டு, "நீங்க ஓனரா சார், பாடிகையா?" என்று கேட்டான். (வாடகைக்கு இங்கே கன்னடத்தில் பாடிகை.)

"பாடிகைதான்ப்பா" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "துரை! மறுபடியும் பொய்யா?"